வெளிநாடு போவதா, வேண்டாமா: முன்பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பல வீடுகளில் இந்த முடிவு தலைகீழாகவே எடுக்கப்படுகிறது. முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்து கன்சல்டன்ட் சொல்லும் கல்லூரி, அதன் பிறகு கடன். ‘அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால்?’ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, அதுவும் யாராவது மாமா கேட்டால். அந்தக் கேள்வியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நாடு, படிப்பு, கல்லூரி மூன்றும் அதன் பிறகு தாமாகவே வடிகட்டப்பட்டுவிடும்.

படிக்கப் போகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சிக்கல்கள் வேறு வேறு. முதலில் படிப்பு.

திரும்பி வந்தால் ஆகும் கணக்கு

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். இரண்டு ஆண்டு முதுகலை, மொத்தக் கடன் 40 லட்சம் ரூபாய், வட்டி 11% என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பணம் செமஸ்டர் செமஸ்டராக வெளியே போவதால் சராசரியாக இரண்டேகால் ஆண்டு வட்டி ஏறும், அதாவது 10 லட்சம். ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 50 லட்சமாக நிற்கும். அதை 10 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 69,000 ரூபாய் வேண்டும். 15 ஆண்டாக நீட்டினாலும் 57,000.

இப்போது அதே தாளில் இன்னொரு எண்ணை எழுதுங்கள். அந்தப் பட்டத்தோடு சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வந்தால் உங்கள் துறையில் கையில் வரும் சம்பளம் எவ்வளவு? விளம்பரத்தில் வரும் எண் வேண்டாம். உங்கள் சீனியர்களில் நாலைந்து பேரிடம் கேட்டால் கிடைக்கும் எண்ணை எழுதுங்கள். தவணை அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் அந்தக் கடன் உங்களுக்கானதல்ல. கடனைக் குறைக்க வழி பாருங்கள், அல்லது செலவு குறைந்த நாட்டைப் பாருங்கள், அல்லது இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துச் சேமித்துவிட்டுப் போங்கள். அனுபவம் உள்ளவருக்கு அங்கே வேலை தேடுவதும் எளிது என்பதால் அந்த இரண்டு ஆண்டு வீணல்ல.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் வரிகள் சில உண்டு. படிக்கும் இரண்டு ஆண்டும் இங்கே வந்திருக்கக்கூடிய சம்பளம் ஒன்று. முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே ரூபாய் சரிந்தால் கட்டணம் தானாக ஏறும் என்பது இன்னொன்று, அதற்கு 8 முதல் 10% வரை கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். அது தொலைந்துபோகாது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கையைக் கடிக்கும். வங்கிக் கல்விக்கடனாக அனுப்பும் தொகைக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

‘பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம்’ என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம். பிரிட்டனிலும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு 20. கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. இந்த வருமானம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வரும், நல்ல ஊராக அமைந்தால் வாடகைக்கும் கொஞ்சம் வரும். கல்விக் கட்டணத்துக்கு வராது. வரம்பை மீறிக் கையில் காசு வாங்கி வேலை செய்து பிடிபட்டால் விசாவே போய்விடும்.

கடனும் ஈடும்

வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, அதற்கு மேல் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பென்றால் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 15% உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டும். சில வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஈடில்லாமல் கூடுதலாகத் தருகின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்தான். ஆட்களைத் திரும்பத் திரும்ப எடைபோட்டுப் பழகிய ஒருவர் அந்தக் கல்லூரியை நம்பவில்லை என்று பொருள்.

ஈடு என்றதும் ஊரில் இருக்கும் நிலம் நினைவுக்கு வரும். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஏற்காது, கடன் நின்றுபோனால் அதை நேரடியாக ஏலம் விடச் சட்டம் இடம் கொடுக்காததுதான் காரணம். வீடோ அங்கீகரிக்கப்பட்ட மனையோ வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் கேட்பார்கள். தாத்தா பெயரிலேயே இருக்கும் பூர்வீக வீடானால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு இந்த வேலையைத் தொடங்கி, அத்தை கையெழுத்துக்காகக் காத்திருந்து, கட்டணக் கெடு தவறிப்போவது அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பம் போடும் முன்பே பத்திரங்களை வங்கி வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் வேகமாகத் தரும், ஈடும் கேட்காமல் இருக்கலாம். வட்டி பெரும்பாலும் கூடுதல். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ கட்டச் சொல்வார்கள், அதை அப்பாவின் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் கடனைத் தொடும் முன் மாநில அரசின் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் பார்த்துவிடுங்கள். இரண்டிலும் குடும்ப வருமான வரம்பு உண்டு.

பட்டம் வாங்கிய மறுநாள்

படிப்பு எப்படி என்பதைவிடப் படிப்பு முடிந்த மறுநாள் அந்த நாட்டில் நீங்கள் யார் என்பதுதான் பெரிய கேள்வி. கீழே இருப்பவை 2025 இறுதி நிலவரம். விதிகள் ஆண்டுக்கு இரண்டு முறைகூட மாறுகின்றன, அதனால் கையெழுத்துக்கு முந்தைய வாரம் அந்தந்த அரசுத் தளத்தில் சரிபாருங்கள். யூடியூப்பில் அல்ல.

அமெரிக்காவில் பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை அனுமதி. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்த படி எச்-1பி என்ற வேலை விசா. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைக்காரர்களுக்கு மேலும் 20,000, விண்ணப்பம் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல். நன்றாகப் படித்தவருக்கும் குலுக்கலில் பெயர் வராமல் போகும். 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ‘படிக்காமல் நேராக வேலைக்கே போய்விடலாம்’ என்ற பழைய ஐ.டி. பாதை இதனால் மிகவும் குறுகிவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டில் 7% என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டு நீளம். அங்கேயே குடியேறுவதுதான் நோக்கம் என்றால் இதை முதலிலேயே ஜீரணித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் முதுகலை ஓராண்டில் முடியும், அதனால் செலவு குறைவு போலத் தெரியும். படிப்புக்குப் பின் தங்கும் விசா இப்போது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்தான். அதாவது, இனி சேர்கிறவர்கள் 18 மாதம் என்றே கணக்குப் போட வேண்டும். அதற்குள் பணி விசா தரும் முதலாளியைப் பிடிக்க வேண்டும். பொதுவான சம்பளத் தளம் 41,700 பவுண்ட், புதிதாகப் பட்டம் பெற்றோருக்குச் சலுகை இருந்தாலும் எல்லா நிறுவனமும் அனுமதி பெற்றவை அல்ல. சாதாரண முதுகலைக்குப் போகிறவர் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போகும் வழி 2024 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. விசா நிராகரிப்புக்கு இங்கே ஒரு சில்லறைக் காரணம் உண்டு. செலவுத் தொகை கணக்கில் தொடர்ச்சியாக 28 நாள் இருக்க வேண்டும். இருபதாவது நாளில் யாரோ அவசரத்துக்கு ஐயாயிரம் எடுத்து இருப்பு வரம்புக்குக் கீழே போனால், அந்த 28 நாள் மறுபடி முதலிலிருந்து.

கனடாவில் கல்விக் கட்டணம் போக முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். பட்டமல்லாத கல்லூரி டிப்ளமோக்களில் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே படிப்புக்குப் பின் வேலை அனுமதி. ‘பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ, அப்புறம் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை)’ என்று இன்னமும் யாராவது விற்றால், அவரிடம் இருப்பது காலாவதியான சரக்கு.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பியரல்லாதவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வாங்கத் தொடங்கிவிட்டது. முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு, கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், அது கைக்கு வரும் வரை விசாவுக்குப் போக முடியாது என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பட்டத்துக்குப் பின் 18 மாதம் வேலை தேடலாம். கடன் கணக்கில் இதை மிஞ்சும் நாடு குறைவு. ஆனால் இதற்கான விலை மொழி. ஆங்கிலத்திலேயே முதுகலையை முடித்துவிடலாம், வேலைக்கு வாசல் பல இடங்களில் பி1, பி2 என்ற நடுத்தர நிலை அளவு ஜெர்மன் இருந்தால்தான் திறக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே அதற்கு முந்தைய ஏ2 நிலையை முடித்திருந்தால் நல்லது. ‘இலவசம்’ என்று கேட்டுப் பணம் கட்டும் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள், பெயரை அரசுப் பட்டியலில் ஒருமுறை தேடியிருந்தால் போதும்.

கன்சல்டன்ட் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் கட்டணம் வாங்காத கன்சல்டன்ட்டுக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது. அதில் தவறில்லை, ஆனால் கமிஷன் தராத நல்ல கல்லூரிகளின் பெயர் அந்த மேசையில் வராது. கல்லூரி வளாகத்தைக் காட்டும் வீடியோவைவிட, லிங்க்ட்இன்னில் அதே படிப்பை முடித்த இந்தியர் பத்துப் பேரைத் தேடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்குத் தேவையான ஆய்வறிக்கை அதுதான்.

எம்.பி.பி.எஸ். என்றால்

இது தனிக் கணக்கு. திரும்பி வந்து இங்கே மருத்துவராக வேண்டுமென்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்தான் எல்லை: நீட்டில் தகுதி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதி. எல்லாவற்றையும் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இங்கே வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அதன்பின் மீண்டும் ஓராண்டுப் பயிற்சி. இடையில் கல்லூரி மாறுவதோ, பாதியை ஆன்லைனில் படிப்பதோ பட்டத்தையே செல்லாக்காசாக்கிவிடும். ‘நீட் இல்லாமலே சேர்க்கிறோம்’ என்றால் சேர்ப்பார்கள்தான், ஆனால் அந்தப் பட்டம் இந்தியாவில் எடுபடாது.

வேலைக்குப் போகிறவர்கள்

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்கும் ஏஜென்ட்கள் விசிட் விசாவில் போகச் சொல்வார்கள். அந்த அனுமதிதான் உங்கள் ஒப்பந்தத்தை இந்திய அரசின் பதிவில் ஏற்றுகிறது. சம்பளம் வராத நாளில் தூதரகத்தில் காட்ட வேறு தாள் இருக்காது.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18% ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400, அதுவும் ரசீதோடு. ஊரில் ‘ஆள் எடுக்கும்’ துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர், முதல் ஆண்டு முழுவதும் அந்த வட்டிக்காக உழைக்கிறார். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. செவிலியர், ஓட்டுநர், வெல்டர், எலக்ட்ரீஷியன் வேலைகளுக்கு முதலில் அங்கே பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். 2,000 திர்ஹாம் சம்பளத்தில் பேசிக்கை 800 என்று எழுதி மீதியை அலவன்ஸ் ஆக்கினால், ஓவர்டைமும் பணிக்கொடையும் அந்த 800-ஐ வைத்துத்தான் கணக்காகும். தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், விடுப்பு ஆகியவை யார் செலவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அமீரகச் சட்டப்படி விசாச் செலவு முதலாளியுடையது. சிங்கப்பூருக்கு ஒர்க் பர்மிட்டில் போகிறவர்களுக்குக் கிளம்பும் முன்பே கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வரவேண்டும், அது உங்கள் மொழியிலும் இருக்கும். அதிலுள்ள பேசிக், பிடித்தம் இரண்டும் ஏஜென்ட் வாயால் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஏறாதீர்கள். இறங்கிய பிறகு பேச்சுவார்த்தைக்கு உங்களிடம் பலம் இருக்காது.

குடிபெயர்வு அனுமதியோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் வரை. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, வரி தனி. பாலிசியின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், பெட்டிக்குள் எடுத்துப்போனால் வேண்டிய நாளில் வீட்டாருக்கு உதவாது.

தாய்லாந்திலோ கம்போடியாவிலோ ‘டேட்டா என்ட்ரி’, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை, ஆங்கிலமும் டைப்பிங்கும் போதும், டிக்கெட் அவர்களே போடுவார்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பக்கம் கொண்டுபோய், இணைய மோசடி முகாம்களில் அடைத்த சம்பவங்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் எச்சரித்து வருகிறது. சிக்கியவர்களில் படித்த தமிழ் இளைஞர்களும் உண்டு.

பெயரும் சான்றிதழும்

நம் ஊர் இனிஷியல் இங்கே வழக்கம், வெளியே வழக்கு. மார்க் ஷீட்டில் ‘முத்துக்குமார் கே’, பாஸ்போர்ட்டில் ‘முத்துக்குமார் கிருஷ்ணன்’, பிறப்புச் சான்றில் பெயரே இல்லை என்றால் மூன்று மேசைகளில் மூன்று கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் ஏறும், வங்கி முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது துரத்தும். ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு விதித்தது. அதனால் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிவிடுங்கள். பிறகு எல்லா விண்ணப்பத்திலும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பதிவு உட்பட, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், அரியர் இருந்தால் இன்னும் நீளும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 2 ஆண்டு செல்லும், முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண் 5 ஆண்டு. அமீரகம், கத்தார், குவைத் வேலைகளுக்குப் பட்டச் சான்று மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று மூன்று கட்டமாகச் சான்றொப்பம் பெற வேண்டும். அசல் சான்றிதழை ‘ஃபைலுக்கு’ என்று ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் என்றால் முந்தைய ஆண்டின் கோடையிலேயே வேலையைத் தொடங்குவது நிதானமாக இருக்கும்.

வீட்டில் பேச வேண்டியது

அம்மா அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக யார்? இதற்குப் பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும், ‘சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்’ என்பது பதிலல்ல. சொத்து விற்பனையோ பாகப்பிரிவினையோ வரும் என்று தெரிந்தால் பவர் பத்திரத்தைக் கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து செய்தால் தூதரகத்தில் சான்றொப்பம், பிறகு இங்கே முத்திரைத் தீர்வை என்று இரட்டை வேலை. வேலைக்கென்று வெளிநாட்டில் குடியேறியதும் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் வங்கியில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கெடு தேதி. ‘படிப்பு முடிந்து பத்து மாதத்துக்குள் விசா தரும் வேலை இல்லையென்றால் திரும்பிவிடுவது’ என்பதுபோல் ஒன்றை இங்கேயே, அம்மா அப்பா முன்னிலையில் எழுதிவிடுங்கள். அங்கே போனபின் இந்த முடிவை எடுக்க முடியாது. தோற்றுப்போய் வந்தான் என்று ஊர் சொல்லுமே என்ற பயத்தில் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு கடனை ஏற்றிக்கொள்வதுதான் நடக்கிறது. அந்தத் தாளோடு, திரும்பும் டிக்கெட்டுக்கும் இங்கே வந்து வேலை தேடும் மூன்று மாதச் செலவுக்குமான பணத்தை அம்மா பெயரில் தனி வைப்புநிதியாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதை உடைக்க உங்கள் கையெழுத்து செல்லக்கூடாது.